அளவுச் சட்டை

மாரீஸ்வரன் சென்னைக்குப் புறப்பட்டது பங்குனி மாதத்து வியாழக்கிழமை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. தையல்காரி பாலாமணி கோட்டுப் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"உக்காந்தபடியே ஒரு தடவ மாட்டிப் பாரு தம்பி."

"கசங்கிரும்க்கா. நாளைக்கு இன்டர்வியூல மாட்டிக்கிறேன். நீங்க தச்சா தப்புமா?"

பஸ் நகர்ந்துவிட்டது.

அவன் பரளச்சிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவன். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றின் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலைக்குச் சென்னையில் ஆள் எடுத்தார்கள். கோட்டுப் போட்டு வந்தால்தான் பார்ப்பார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

பாலாமணியுடையது வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். கணவர் நாகேந்திரன் இருந்தவரை அவர் ஆளை அளந்து வெட்டுவார், இவள் தைப்பாள். அவர் போன பிறகு கத்திரி இவள் கைக்கு வந்தது, டேப் வரவில்லை. ஆம்பளை உடம்பில் டேப் வைத்தால் தெரு என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வருகிறவர்களிடம் பொருந்துகிற சட்டை ஒன்றை வாங்கி, மேசையில் விரித்து அளப்பாள். எத்தனையோ மாப்பிள்ளைகள் அப்படித்தான் கோட்டு மாட்டினார்கள்.

மாரீஸ்வரனுக்கு மதுரையில் எடுத்த கருநீலத் துணி. உள்ளங்கையில் பொத்திக் கசக்கி விரித்துப் பார்த்தாள். சுருக்கம் நிற்கவில்லை. மார்புக்குள் கான்வாஸ் வைத்து, காலரைக் கையாலேயே ஊசி போட்டு, பதினோரு நாள் தைத்தாள். முழுசாகத் தைக்கும் முன் ஓட்டுத் தையலோடு மாட்டிப் பார்க்கக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் ஒரே பதில்தான் சொன்னான்: "கை பூரா கரிக்கா. துணியில ஒட்டிக்கிரும்."

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி முருகேஸ்வரி வந்து நின்றாள்.

"வேண்டாம்னு அனுப்பிட்டாகளாம்க்கா. கோட்டு தோள்ல நிக்காமத் தொங்குச்சாம். 'சீக்காளியா நீ'ன்னு கேட்டுச் சிரிச்சாகளாம். மறுபடி கரி அள்ள வர மாட்டேன்னுட்டு போன வச்சுட்டாரு. இப்ப சுவிட்ச் ஆஃப்."

"நீ குடுத்த சட்டை அளவுதானேடி?"

முருகேஸ்வரி தலையைக் குனிந்தாள். "அவரு சட்டையெல்லாம் கரியும் கிழிசலுமாக் கெடந்துச்சு. அத எப்படி உங்க கையில குடுக்கன்னு, இருந்ததுலயே நல்லதாத் தந்தேன். கரி லோடு எடுக்கிற மொதலாளி பொங்கலுக்குக் குடுத்தது. அவுக போட்டுக் கழிச்சது."

இடுப்பு பெரிசென்றால் பிடிக்கலாம். கை நீளமென்றால் மடிக்கலாம். தோள் தப்பினால் கோட்டையே பிரித்துப்போட வேண்டியதுதான்.

"அந்தக் கிழிசலயே தந்திருக்கலாமேடி" என்றாள் பாலாமணி. சொன்ன பிறகு ஏன் சொன்னோமென்று இருந்தது.

"நீங்களும் ஒரு வாட்டி அவரு தோளப் பாத்திருக்கலாமேக்கா."



அவன் ஊர் திரும்பவில்லை. முருகேஸ்வரியே மூட்டத்துக்குப் போனாள். டவுனுக்கு வரும்போது கடைப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். பாலாமணி கோட்டு தைப்பதை நிறுத்தவில்லை. அதை விட்டால் வேறு வழியில்லை. யார் சட்டை கொடுத்தாலும், "இது உங்க சட்டைதானா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஆட்கள் சிரித்தார்கள்.

இருபது மாதம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அவள் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"அக்கா, மாரீஸ்வரன். லூதியானாவுல குடோன்ல மூடை தூக்குறேன். குளிருக்கு உங்க கோட்டத்தான் மாட்டிக்கிறேன். தூக்கித் தூக்கித் தோளு அகண்டு இப்பச் சரியா நிக்குது. வலது தோளு மட்டும் இறங்கிப்போச்சு. நான் வரலன்னு முருகேஸ்வரிகிட்ட நீங்களே சொல்லிருங்க. இனிமே ஆருக்குத் தச்சாலும் சட்டைய நம்பாதீகக்கா. ஆளத் தொட்டு அளங்க."