மனைவியரிடம் டாக்டர் ஜெயமேரி கேட்ட கணக்கு

திண்டுக்கல்லில் டாக்டர் ஜெயமேரி நெஞ்சுநோய் வைத்தியம் தொடங்கியது 1957இல். இருமி வந்தவருக்கெல்லாம் காசநோய் ஊசி போட்ட காலம் அது. அவர்களில் சிலருக்கு நுரையீரல் புற்று இருக்கலாம், அதற்குச் சுருட்டு காரணமாகலாம் என்று ஜெயமேரி நினைத்தார். வந்தவர்களிடமெல்லாம் சுருட்டுப் பழக்கத்தைக் கேட்டு நோட்டில் எழுதினார். நான்கு ஆண்டுகளில் முந்நூறு பேர். முக்கால்வாசிப் பேர் இல்லையென்றே சொன்னார்கள்.

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கடலை விவசாயி பெருமாள்சாமியும் அப்படித்தான் சொன்னார். சளியோடு ரத்தம் வந்தது; கிருமி மட்டும் அகப்படவில்லை. காசநோயாகவே இருக்கும் என்று ஜெயமேரி ஊசி தொடங்கினார். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் வளர்ந்திருந்தது.

"ஐயா, நெசமாவே சுருட்டு குடிக்கிறதில்லையா?"

"அய்யய்யோ, அதெல்லாம் ஏது தாயி!"

கதவோரம் நின்ற அவர் மனைவி ஜக்கம்மாள் சிரித்துவிட்டாள். "நாளைக்குப் பத்துக்குக் கொறையாது டாக்டரம்மா. இவுகளுக்குச் சோறு இல்லாட்டியும் பொகை வேணும்."

"சும்மா இருடி! டாக்டரம்மா முன்னால அதப் போயி சொல்லலாமா? மருவாதி தெரியாத ஆளுன்னு நெனைக்க மாட்டாக?"

ஜெயமேரிக்குக் கோபம் வரவில்லை. மாதாகோயில் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தால் ஜெயமேரியின் அப்பாவும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பவர்தான். இல்லையென்று சொல்லிப் பலர் காட்டிய மரியாதையை, உண்மையான பதில் என்று எழுதி வைத்திருந்தார்.

அன்றே சளியைப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார். புற்று என்று முடிவு வந்தது. சென்னைக்குப் போய் அறுவை செய்துகொள்ள வேண்டும் என்றார் ஜெயமேரி.

"நெஞ்சக் கிழிக்கணுமா? நான் ஊருக்கே போறேன்" என்றார் பெருமாள்சாமி.

ஜெயமேரி இரண்டு எக்ஸ்ரேக்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இம்புட்டு வளந்திருக்கு. ஆனா வேற எடத்துக்குப் பரவல. இப்பப் போனா எடுத்துரலாம். மூணு மாசம் என்னால வீணாப்போச்சு. இனி ஒரு நாள்கூட வீணாகக் கூடாது."

"எந்த ரயிலுன்னு சொல்லுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ஜக்கம்மாள்.

சென்னையில் நுரையீரலின் ஒரு பகுதியை எடுத்தார்கள். அந்த மாதங்களில் ஜெயமேரி பேகம்பூர் முதல் செம்பட்டி வரை பழைய நோயாளிகளின் வீடுகளுக்குப் போய், மனைவியரிடம் கேட்டு நோட்டைத் திருத்தினார். இல்லை என்றிருந்ததில் பாதி, உண்டு என்றானது. 1964இல் மருத்துவர் கூட்டமொன்றில் அதைப் படித்தபோது, பெண்கள் பேச்சு ஆதாரமாகுமா என்று ஒருவர் கேட்டார்.

"கடையில் சுருட்டு வாங்கி வருவது அவர்கள்தான்" என்றார் ஜெயமேரி.

1966இல், பெருமாள்சாமிக்கு எடுத்த ஐந்தாம் ஆண்டு எக்ஸ்ரேயில் நிழல் இல்லை. ஜெயமேரி அதைச் சொன்னதும் ஜக்கம்மாள் கேட்டது ஒன்றுதான்:

"அப்ப, இவுகளக் கடலை பிடுங்கக் கூட்டிட்டுப் போகலாமா?"

"தாராளமா."

பெருமாள்சாமி டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார்.