ஜமீல் பாயின் சட்டைக்குள் போன தேனீ

இன்று மாலை பள்ளி விட்டு வரும்போது, ஆம்பூர் பைபாஸ் அருகே எங்கள் ஆட்டோ ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் மோதிவிட்டது. பழக்காரருக்கு முழங்காலில் சிராய்ப்பு. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஓட்டியவர் ஜமீல் பாய். சைக்கிள்கூட முந்திக்கொண்டு போகும் ஆட்டோ அது.

அவர் சட்டைக்குள் ஒரு தேனீ புகுந்து கொட்டியது. உடம்பு தூக்கிப் போட, கை தானாகத் திரும்பிவிட்டது. அப்போதும், "பசங்களா, கம்பிய கெட்டியா புடிங்க!" என்றுதான் கத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

போலீஸ்காரர் நம்பவில்லை. "தேனீயா? இன்னா கத வுட்ற? பாத்தது யாரு?"

பாய் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பொம்பள பசங்கள ஸ்டேஷனுக்கு இழுக்க வேணாம் சார். ஜாஸ்தி ஸ்பீடுன்னே எழுதிக்கோங்க" என்றார்.

எழுதிவிட்டார்கள். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினாராம்.

"போலீஸ் கேஸு, நீ வாய தொறக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா தூங்குகிறாள். நான் போர்வைக்குள் போனில் தேடிப் படித்தேன். தன் வசத்தில் இல்லாமல் உடம்பு அசைந்தால் அது குற்றமாகாதாம். ஆனால் பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டும். இல்லையென்றால் பாயின் லைசென்ஸே போய்விடலாம்.

பயமாக இருக்கிறது. இருந்தாலும் நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். இந்த கிளாஸ் குரூப்பில் இருக்கிறவர்களில், என்னோடு ஆட்டோவில் இருந்த நீங்கள் நாலு பேரும் வாங்கடி. நம்மை அங்கே பார்த்ததும் பாய் கண்டிப்பாகத் திட்டுவார். அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குக் கம்மியாகத்தான் வரும்.