சமயபுரத்துக்குப் பறந்த பஸ்கள்

விமானப்படையில் ஹெலிகாப்டர் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவள் நான். சீருடையைக் கழற்றிவிட்டுத் திருச்சியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் மேலாளராகச் சேர்ந்தேன். "சமயபுரம் தேருக்கு விடுற ஸ்பெஷல் பஸ்களை ஒழுங்கா நடத்திக் காட்டுங்க மேடம், வேலையை நிரந்தரமாக்கிடலாம்" என்றார் முதலாளி.

தேரன்று காலை பஸ் ஷெட்டில் டிரைவர்களை வரிசையாக நிறுத்திப் பழைய பழக்கத்தில் உத்தரவுகளை அடுக்கினேன். "சந்தேகம் உண்டா?" என்றேன். மௌனம். படையில் அதற்கு 'எல்லாம் தயார்' என்று பொருள். "கிளம்புங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை.

டிரைவர் கபீர் பாய் தலையைச் சொறிந்தார். "நீங்க பஸ்ஸைத் திருப்பச் சொன்ன இடத்துல பூரா கடை போட்டிருக்காங்க மேடம். பஸ்ஸை ஹெலிகாப்டர் மாதிரி தூக்கித்தான் திருப்பணும்!"

ஷெட்டே சிரித்தது. என் காது சுட்டது. ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே வழியும் தெரிந்தது. இறங்கக் காத்திருக்கும் ஹெலிகாப்டர்கள் ஒரே திசையில் வட்டமடிக்கும், எதிரெதிரே வராது. "திருப்பவே வேண்டாம் பாய். ஒரு வழியா நுழைஞ்சு இன்னொரு வழியா வெளியே வரலாமா? சொல்லுங்க, எந்தத் தெரு தாங்கும்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்படியொரு இனிய இரைச்சலை எந்த எஞ்சினிலும் நான் கேட்டதில்லை.

மாலை கொள்ளிடம் பாலத்தின் ஸ்ரீரங்கம் பக்கம் நின்றேன். ஆற்றுக் காற்று முகத்தில் அறைய, ஒவ்வொரு பஸ்ஸும் என்னைக் கடக்கையில் ஹாரன் அடித்தது. எல்லாம் பத்திரமாகத் திரும்பின. கடைசி பஸ்ஸிலிருந்து கபீர் பாய் சல்யூட் வைத்தார். நானும் விறைப்பாக வைத்தேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போதும் "சந்தேகம் உண்டா?" என்று கேட்கிறேன். மௌனமாக இருந்தால் கிளம்பச் சொல்வதில்லை. டீ சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.