கமிஷனர் பட்டியலில் என் பெயர்

மலை மேல் இருக்கும் எங்கள் சின்ன கோர்ட்டில் கருப்புக் கோட்டு போட்ட முதல் பெண் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். ஆறு வருடமாக எனக்கு வந்ததெல்லாம் ஜீவனாம்ச வழக்குகள். "பொம்பளைக சோலி உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லி சீனியர்கள் வழக்குக் கட்டை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். நிலத் தகராறு மட்டும் என் மேசைக்கு வராது.

நிலத் தகராறில் இடத்தை நேரில் பார்த்து அளந்து வரும்படி கோர்ட் ஒரு வக்கீலை அனுப்பும். அவருக்குக் கமிஷனர் என்று பெயர். அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு, வரிசைப்படி ஆள் போவார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரே இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மூத்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஏறி எறங்குற வேலைம்மா. உங்களுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பேத்துப்பாறைப் பக்கம் கூலி வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் பீன்ஸ் மூட்டையோடு சரிவில் ஏறியவள் நான். இந்த மனிதர் எனக்கு மலையைக் காட்டிப் பூச்சாண்டி காட்டுகிறார்!

அந்த வருடம் எங்கள் கோர்ட்டுக்கு முதன்முறையாக ஒரு பெண் நீதிபதி வந்தார். என் பெயரையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டு, அவர் அறைக்குப் போய் மனுவை நீட்டினேன்.

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையா?" என்றார்.

"கேட்டா சிரிக்கிறாங்கம்மா."

"நான் சிரிக்கலையே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உண்மையில் அவர் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

இடத்தைப் பார்த்து வரச் சொல்லும் கோர்ட் உத்தரவை வாரண்ட் என்போம். எனக்கு வந்த முதல் வாரண்ட் வெள்ளகவி கிராமத்துக்கு. ரோடு கிடையாது, காட்டுப் பாதையில் இறங்கிப் போக வேண்டும். வக்கீல்கள் அறையில் ஒரே குஷி. "பாதி வழியில உக்காந்துருவாங்க பாரு" என்று என் காது படவே ஒருவர் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்குப் பின்னால் வரும் பெண்ணின் பெயரை எழுதவே மாட்டார்கள்.

வீட்டில் அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "போயிட்டு வாங்க மகள். தோட்டத்துக் காலு அது, சறுக்காது" என்றார்.

வழக்கு இதுதான். புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு ஊரைத் தாண்டிக் கொஞ்சம் காபித் தோட்டம். அதற்குப் போகும் ஒரே பாதையை மேல் தோட்டக்காரர் கல் அடுக்கி அடைத்துவிட்டார். அங்கே பாதை இருந்ததா இல்லையா என்பதைத்தான் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பழம் சிவந்து நின்றது. பாதை திறக்கத் தாமதமானால் அவளுடைய ஒரு வருடப் பாடு அத்தனையும் உதிர்ந்து போகும்.

நான் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண்ணே கேட்டாள்: "வக்கீலய்யா பின்னால வாறாகளாம்மா?"

"நான்தான் வக்கீல்."

தலை முதல் கால் வரை பார்த்தாள். "அதுக்குள்ள வெரசா வந்துட்டீகளே" என்றாள். அவள் காபி கொடுத்தாள், மேல் தோட்டக்காரரும் கொடுத்தார். கமிஷனர் எந்தப் பக்கத்துக் காபியையும் குடிக்கக் கூடாது என்பதால் இரண்டையும் மறுத்துவிட்டு டேப்பைப் பிரித்தேன். கல் அடுக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய தடம் தேய்ந்து கிடந்தது. அளந்தேன், வரைந்தேன், போனில் படம் எடுத்தேன். மேல் தோட்டக்காரர் மட்டும் என் குறிப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய வக்கீல் மூட்டு வலி என்று வரவே இல்லை.

திரும்பி ஏறும்போது என் முழங்கால் வெடவெடத்தது உண்மை. அதை அறிக்கையில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அறிக்கை தாக்கலானதும் அந்த மூட்டு வலி வக்கீல் ஆட்சேபணை போட்டார். கமிஷனர் வழியிலேயே களைத்து உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு எழுதினாராம். படங்களில் கமிஷனர் எங்கே என்று வேறு கேட்டிருந்தார். படம் எடுத்தவள் படத்தில் எப்படி இருப்பாள்? கமிஷனரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க அனுமதி கேட்டார். கிடைத்தது. அடுத்தவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட கூண்டில் நான் ஏறினேன். கோபத்தில் காது சுட்டது.

நேரம் கேட்டார், தூரம் கேட்டார். சொன்னேன். பிறகு என் சேலையைப் பார்த்து இழுத்துப் பேசினார்.

"சரிங்க மேடம். வெள்ளகவிக்குள்ள நடந்தப்ப என்ன செருப்பு போட்டிருந்தீங்க?"

"செருப்பே போடலைங்க."

"பாத்துக்கங்கம்மா!" என்று நீதிபதி பக்கம் திரும்பினார். "அந்தக் கல்லுலயும் முள்ளுலயும் வெறுங்காலோட நடந்தாங்களாம். நம்புற மாதிரியா இருக்கு?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய கட்சிக்காரர், அதே மேல் தோட்டக்காரர், எழுந்து நின்றார். சிவந்த முகத்தோடு தன் வக்கீலைப் பார்த்துச் சொன்னார்.

"அய்யா, எங்க ஊருக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டோம்ங்க. ஊரு பூரா கோயிலு. அந்தம்மா எல்லையிலயே கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுத்தான் வந்தாக. நானே பாத்தேன்."

பாதையை அடைத்த மனிதருக்கும் ஊர் வழக்கத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வக்கீல் அவரை உட்காரச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"ஐயா ஒரு தடவை ஊருக்குள்ள வந்திருந்தா இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க" என்றேன். நீதிபதி அதையும் தட்டச்சு செய்யச் சொன்னார். அறிக்கை ஏற்கப்பட்டது. அந்த வாரமே கல்லை எடுக்க உத்தரவு ஆனது. அந்தப் பெண் தன் காபியைத் தானே பறித்தாள்.

அதற்குப் பிறகு வக்கீல்கள் அறையில் என் மேல் திடீர்ப் பாசம். "மலை கமிஷன் எல்லாம் இனிமே நம்ம மேடத்துக்குத்தான், அவங்க காலுக்கு யாரு ஈடு?" என்றார் சிரித்த அதே மூத்த வக்கீல். முதலில் எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகுதான் புத்தியில் ஏறியது. காடு மேடெல்லாம் எனக்கு, டவுனுக்குள் இருப்பதெல்லாம் அவர்களுக்கு.

அடுத்த வாரண்ட் ஏரிப் பக்கம் ஓர் ஓட்டல் கட்டிடத்தை அளப்பது. வரிசைப்படி என் முறை.

"அது சின்ன வேலைம்மா, வேற ஆள் பாத்துக்கட்டும். அடுத்த மாசம் ஒரு காட்டுப் பாதை வருது, அது உங்களுக்கு" என்றார் அந்த மூத்த வக்கீல்.

"அதுக்கும் போறேன், இதுக்கும் போறேன். பட்டியல்ல இப்ப யார் பேருங்க இருக்கு?"

வாரண்டை வாங்கிக்கொண்டு போனேன். ஓட்டலின் மூன்றாவது மாடிக்கு லிப்டில் ஏறினேன்.