மாமா பேசி முடிப்பதற்குள்

அம்மா பஸ் ஓட்டுகிறாள். அந்த வேலையை விடச் சொல்லத்தான் அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, வந்து சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டிருந்தா புள்ளைக்கு யாரு சமைச்சுப் போடுறது?"

"நீ பேசிட்டே இருண்ணா. முடிக்கறதுக்குள்ள சாப்பாடு ரெடியாயிடும்."

சீருடையைக்கூட மாற்றாமல், அம்மா சால்மன் துண்டுகளைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வாணலியில் போட்டாள். தோல் மொறுமொறுத்ததும் தேன், சோயா சாஸ், நசுக்கிய பூண்டு எல்லாம் சேர்த்தாள். அது சுண்டிப் பளபளத்ததும் கரண்டியால் மீன்மேல் அள்ளி அள்ளி ஊற்றினாள். மாமா குடும்ப மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூக்கு மட்டும் அடுப்புப் பக்கம் போய்விட்டது.

அவர் தட்டில் கொட்டலாமென்று மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தேன்.

"மூடுடா," என்றாள் அம்மா, திரும்பாமலே. பஸ் ஓட்டுகிறவளுக்கு வீட்டிலும் பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி உண்டு போல.

மாமா தட்டை வழித்துவிட்டு, "இன்னொரு துண்டு இருக்கா?" என்றார்.

"இருக்கு. அது நாளைக்கு என் மதியச் சாப்பாடு. காலை வண்டி நான்தான் எடுக்கணும்."

மாமா தண்ணீர் குடித்தார். அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் அந்தத் துண்டை டிபன் பாக்ஸில் போட்டு, ஃப்ரிட்ஜில் மாமா கண்ணில் படாதபடி முட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.