செவலைக்குக் கலந்த யூரியா

ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு மாட்டு ஆராய்ச்சிப் பண்ணை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நிரஞ்சலாவுக்குப் பதினோரு வருடமாக அங்கேதான் வேலை. மாடுகளின் மூத்திரத்தைச் சொட்டுச் சிந்தாமல் வாளியில் பிடித்து, கெடாமலிருக்கக் கொஞ்சம் அமிலம் விட்டு, அளந்து எழுதுவாள். தீனியிலுள்ள நைதரசனை எடுத்து இரைப்பைக் கிருமிகள் எவ்வளவு பெருகின என்பது அந்த மூத்திரத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். அந்தக் கிருமிகளே பிறகு மாட்டுக்குச் சத்து. லயத்தில் "மூத்திரக்காரி" என்று கேலி செய்தாலும் அவளுக்கு அந்த வேலையில் பெருமைதான்.

ஆவணியில் மழையில்லாமல் புல் கருகியது. அக்கா ரெங்கம்மாவின் ஒரே மாடான செவலைக்குப் பால் வற்றியது.

"காஞ்ச புல்லத் தின்னுட்டு ஒங்க பண்ணை மாடு மட்டும் எப்புடி கறக்குது?"

"யூரியா கொஞ்சம் கலப்பாங்கக்கா. கிருமி அதத் தின்னு பெருகும்."

வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ரெங்கம்மா ஓடினாள். யூரியாவைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடவேண்டும், கரும்புப்பாகும் சேர்த்தால்தான் கிருமிகளுக்கு அதை எடுக்கத் தெம்பு வரும், இல்லையேல் அமோனியாவாகி இரத்தத்தில் ஏறும். இதையெல்லாம் நிரஞ்சலா சொல்லவில்லை. அக்கா சும்மா கேட்கிறாள் என்றே நினைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது அக்காவின் கொட்டிலில் செவலை நடுங்கிக் கிடந்தது. வயிறு உப்பி, வாயில் நுரை. காய்கறிப் பாத்திக்குப் போட வைத்திருந்த யூரியா உரத்தில் இரண்டு கை அள்ளி, ரெங்கம்மா காய்ந்த புல்லில் பிசறியிருந்தாள். நிரஞ்சலா கடைக்கு ஓடி, அமோனியாவை முறிக்க வினாகிரி என்ற காடி வாங்கிவந்து தண்ணீரில் கலந்து புகட்டினாள். பாதி வெளியே வழிந்தது. மிருக வைத்தியர் வருமுன்னே உயிர் போய்விட்டது.

"நீ சொன்னதத்தானேடி செஞ்சேன்."

"நான் முழுசா சொல்லலக்கா. தப்பு எம்மேலதான்."

ரெங்கம்மா மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு அவளுக்கு வசப்படவில்லை.

"ஒங்க மேல பிழையில்ல," என்றாள் பண்ணை அதிகாரி கௌசிகா. நிரஞ்சலாவின் மனம் அதை ஏற்கவில்லை. ஞாயிறுதோறும் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் போய், "கை மதிப்புல யூரியா போட்ராதீங்க," என்று சொல்லிவந்தாள். அக்காவின் கதவு மட்டும் திறக்கவில்லை.

தையில் ரெங்கம்மா பெரகலயில் இருக்கும் மகளிடமே போய்விட்டாள். பையைத் தூக்க நிரஞ்சலா கை நீட்டினாள். "வேணாம்." பஸ் புறப்படும்வரை ரெங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

ஒன்றரை வருடமாகிறது. அக்கா இன்னும் போன் எடுப்பதில்லை.