மைத்துனனின் வேனும் குறுக்கே வந்த நாயும்

என் காலை உடைத்தது என் மைத்துனனின் வேன். சிவகாசி அச்சகத்தில் வேலை முடிந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலையிலிருந்து ஆட்களைக் கூட்டிவரப் போகிற அவசரத்தில் பின்னால் வந்து இடித்தான். இறங்கி ஓடிவந்து, "மச்சான், நீங்களா?" என்றான். வேறு யாராவது என்றால் பரவாயில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை தவறாமல் வேனுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகக் கட்டுகிறவன் அவன். இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மட்டும் மறந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி, "நாய் குறுக்க வந்துருச்சு, சார்" என்றாள். அந்த நாய்க்கு நிறம் கொடுத்தது மாமியார். "கறுப்பு நாயி. அங்கனயேதான் திரியும்." மைத்துனன் பயபக்தியோடு தலையாட்டினான். டாக்டரும் எழுதிக்கொண்டார். எங்கள் பக்கம் சொந்தத்துக்குள் போலீசுக்குப் போகிற வழக்கமில்லை. போதாக்குறைக்குத் தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது?

எலும்பு கூடியது, ஆனால் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. மனசு கேட்காமல் சாத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லன்னா நஷ்டஈட்ட உங்க மைத்துனர்தான் கைக்காசுல கட்டணும். அதுக்கு மொதல்ல நீங்க ஆஸ்பத்திரில எழுதிக்குடுத்த அந்த நாயக் கைவிடணும்" என்றார்.

"என் வண்டி இன்சூரன்ஸ்ல எதுவும் கெடைக்காதா?"

"கையோ காலோ போயிருந்தாத் தருவாக. உங்களுக்குத்தான் கால் இருக்கே."

காலை வைத்துக்கொண்டிருப்பது என் தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவியிடம் சொன்னேன். "காதுகுத்து முடியட்டுங்க" என்றாள். கேஸை விட்டேன். கோபத்தை விடவில்லை.

குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மகள் ஊரைக் கூட்டினாள். அவனும் கண் கலங்கினான். பாசக்காரன்தான், அதுதான் தொல்லை. எனக்குச் சம்மணம் போட வராது. நாற்காலியில் இருந்து பார்த்தேன்.

திரும்பும்போது எங்களை வேனில் ஏற்றினான். முன்சீட்டில் மனைவி, அவள் மடியில் மகள். நான் பின்னால்.

"மாப்ள, இன்சூரன்ஸ் போட்டாச்சா?"

"போட்டுருவோம், மச்சான். இங்கன இருக்க ஊருதானே."

அவன் சாவியைத் திருகப் போனான். முன்கதவு திறந்தது. மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"என்னக்கா?"

"நீ இன்சூரன்ஸ் போடுத வரைக்கும் இவள இதுல ஏத்த மாட்டேன். நாங்க பஸ்ஸுல வாரோம்" என்றாள், கூடப் பிறந்த தம்பியிடம்.

நானும் மெதுவாக இறங்கினேன். அவள் முகத்தில் அப்படியொரு பயம். என் கால் உடைந்தபோது நான் பார்க்காத பயம் அது. பெற்ற மகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.